பணம் வாங்க 'பின்' நம்பர் எதற்கு?

கேள்வி:

வக்கீல் சார், வணக்கம். நான் செங்கோட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் துபாயில். மாமனார் காலத்துத் தேக்குக் கட்டில் ஒன்றை விற்கலாம் என்று போன வாரம் போட்டோ எடுத்து ஒரு விற்பனை ஆப்பில் போட்டேன். விலை 18,000 ரூபாய். அரை மணி நேரத்தில் ஒருவர் கூப்பிட்டார். பட்டாளத்தில் இருப்பதாகவும், புனலூரில் தங்கச்சிக்கு வீடு கட்டுவதாகவும் சொன்னார். மலையாளமும் ஹிந்தியும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசினார். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "மிலிட்டரி அக்கவுண்டில் இருந்து பணம் வர ஒரு முறை இருக்கு சேச்சி, முதலில் 5 ரூபாய் போடுங்க, 10 ரூபாயா திரும்ப வரும்" என்றார். போட்டேன், வந்தது. அப்புறம் ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டேன். 9,000 போய்விட்டது. கேட்டதற்கு, சர்வரில் பிரச்சினை, இன்னொரு தடவை போட்டால் மொத்தமாக வரும் என்றார். போட்டேன். இன்னொரு 9,000 போனது. நாலு நாள் ஆகிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. போலீசுக்குப் போவதென்றால் இங்கேயா, புனலூருக்கா என்றும் தெரியவில்லை. பணம் கிடைக்குமா? என் ஸ்கூட்டரையும் விற்க வேண்டியிருக்கிறது. ஆரியங்காவில் இருந்து ஒருவர் கேட்கிறார். நல்லவராகத்தான் தெரிகிறது. ஆனால் இப்போது யாரைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, செங்கோட்டை

பதில்:

அம்மா, இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். முதலில் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஆன்லைன் பணமோசடிக்கென்றே நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் அது. லைன் கிடைக்கவில்லை என்றால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே புகாரைப் பதியலாம். பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்யும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் பாஸ்புக், இரண்டு 9,000 ரூபாய்க்கும் உரிய பரிவர்த்தனை எண், பணம் போன தேதி, நேரம், எந்த யூபிஐ ஐடிக்குப் போனது என்ற விவரம், அந்த ஆள் பேசிய போன் நம்பர். பணம் அனுப்பிய ஆப்பில் பழைய பரிவர்த்தனைகளைத் திறந்து அந்த 9,000-ஐத் தொட்டால் 12 இலக்கத்தில் ஓர் எண் தெரியும். வங்கியில் அதை யூ.டி.ஆர். நம்பர் என்பார்கள். புகாருக்கு உயிரே அந்த எண்தான். முதலில் போட்ட 5 ரூபாயையும் திரும்ப வந்த 10 ரூபாயையும் சேர்த்தே சொல்லுங்கள். அற்பத் தொகை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். திருடன் தன் கையால் அனுப்பியது அந்த 10 ரூபாய் ஒன்றுதான். அது எந்தக் கணக்கில் இருந்து வந்தது என்பதே ஒரு தடயம்.

வாட்ஸ்அப்பில் நடந்த பேச்சு எதையும் அழிக்காதீர்கள். அழிக்கத்தான் கை போகும், தெரியும். பார்க்கப் பார்க்க வயிறு எரியும். எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள்.

பணம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூசி மெழுகாமல் சொல்கிறேன். 1930-ல் புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் பணம் இன்னும் கிடந்தால் எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பார்கள். வேறு கணக்குக்குப் போயிருந்தால் அந்தக் கணக்கைத் தேடிப் போவார்கள். திருடர்களுக்கும் இது தெரியும். அதனால் வந்த பணத்தைச் சில நிமிடங்களிலேயே இரண்டு மூன்று கணக்குகளுக்கு மாற்றி ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் புகார் போனால் பிடிக்க வாய்ப்பு அதிகம். நாலு நாள் கழித்து வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. அதே கணக்கின் மீது உங்களைப் போல வேறு யாராவது முந்திப் புகார் கொடுத்து, அது ஏற்கெனவே முடக்கப்பட்டிருக்கவும் கூடும். அப்படி ஏதாவது தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் உத்தரவு வாங்கி அதைத் திரும்பப் பெற வழி உண்டு. புகார் எண் இல்லாமல் அந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது.

வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின் நம்பரை நீங்களே போட்டதால், எங்கள் பொறுப்பு இல்லை என்றுதான் வங்கியில் பெரும்பாலும் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் விதியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் கடிதம் கொடுங்கள். இன்ன தேதியில் தெரிவித்தேன் என்பதற்கு உங்களிடம் சாட்சி இருக்க வேண்டும்.

புகார் கொடுத்த பிறகு ஒரு போன் வரலாம். "சைபர் கிரைமில் இருந்து பேசுகிறோம், உங்க பணம் பிடிபட்டாச்சு, 1,500 கட்டினா ரிலீஸ் பண்ணிடுவோம்" என்பார்கள். ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். ஏமாந்தவர்களின் நம்பர் இந்தக் கும்பல்களுக்குள் கை மாறுகிறது. பறிகொடுத்தவர் மீட்கத் துடிப்பார் என்று தெரிந்தே இரண்டாவது தடவை வலை போடுகிறார்கள். போலீஸ் எந்தப் பணத்தை விடுவிக்கவும் யாரிடமும் கூகுள் பே வழியாகக் கட்டணம் கேட்பதில்லை.

புகார் எங்கே கொடுப்பது? செங்கோட்டை ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம், மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் கொடுக்கலாம். புனலூருக்குப் போகத் தேவையே இல்லை. அந்த ஆள் புனலூர் என்று சொன்னானே தவிர, அவன் புனலூரை மேப்பில் மட்டும் பார்த்தவனாக இருக்கலாம். இந்தப் 'பட்டாளத்துக்காரர்' வேஷக் கும்பல்களைப் பல மாநிலப் போலீசார் ராஜஸ்தானின் பரத்பூர், ஹரியானாவின் மேவாத் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. "அது கேரளா கேஸ்மா, அங்கே போங்க" என்று யாராவது சொன்னால் பணிவாக, ஆனால் இடத்தை விட்டு நகராமல், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கவே மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. புகாரில் ஏமாற்றுதலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 318-வது பிரிவையும், ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவையும் குறிப்பிடலாம். பிரிவு தெரியாமல் நடந்ததை நடந்தபடி எழுதினாலும் புகார் புகார்தான்.

அப்புறம், வீட்டுக்காரர். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்த மாதிரி கேஸ்களில் பணத்தை விட அதிகமாக மனுஷரை அரிப்பது அந்த மறைப்புதான். "எப்படிச் சொல்வேன்" என்று பத்து நாள் தள்ளிப்போட்டு, அதற்குள் புகாரும் கொடுக்காமல் விட்டு, கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்கள், ஒரு வக்கீல் உட்பட, இதே மாதிரி ஏமாந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். நீங்கள் படிக்காததாலோ பெண்ணாக இருப்பதாலோ இது நடக்கவில்லை. பட்டாளத்துக்காரர் என்றால் மரியாதை கொடுக்கிற ஊர் நம்முடையது. தெருவுக்கு ஒரு வீட்டில் மிலிட்டரியில் இருந்தவர் இருக்கிறார். 'சேச்சி' என்று ஒருவர் கூப்பிட்டால் நமக்கு அது அந்நியக் குரலாகவே படாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த ஊர் செங்கோட்டை. கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த நல்ல பழக்கத்தைத்தான் அவன் பயன்படுத்திக்கொண்டான். வெட்கம் அவனுக்கு உரியது.

நடந்த தந்திரத்தைப் பிரித்துச் சொல்கிறேன். அடுத்து விற்கும்போது இது உங்களுக்கு வேண்டும்.

யூபிஐயில் பணம் வாங்குகிறவருக்கு எந்த வேலையும் கிடையாது. ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் நம்பர் போட வேண்டாம், லிங்க்கைத் தொட வேண்டாம், ஓ.டி.பி. சொல்ல வேண்டாம், 5 ரூபாய் போட்டுப் பார்க்க வேண்டாம். உங்கள் போன் அணைந்து அலமாரியில் கிடந்தாலும் வர வேண்டிய பணம் வந்து சேரும். வேலையெல்லாம் கொடுக்கிறவருக்குத்தான். கடையில் மளிகை வாங்கும்போது யார் ஸ்கேன் செய்கிறார்கள்? காசு கொடுக்கிற நீங்கள். கடைக்காரர் சும்மா நிற்கிறார். கட்டிலை விற்கும்போது நீங்கள்தான் கடைக்காரர். அந்த இடத்தில் உங்களை ஸ்கேன் செய்யச் சொன்ன நிமிஷமே அவன் உங்களை வாங்குகிறவராக மாற்றிவிட்டான். அதனால், பணம் தருவதற்காக உங்களிடம் யார் எந்தச் சின்ன வேலை சொன்னாலும், அவர் எந்த உடுப்பில் இருந்தாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மிலிட்டரி முறை, கம்பெனி முறை, வெளிநாட்டு முறை என்று யூபிஐயில் தனித்தனி முறைகள் எதுவும் இல்லை.

முன்பெல்லாம் பணம் கேட்டு ஒரு 'ரிக்வெஸ்ட்' அனுப்பி, அதை ஏற்க வைத்துப் பணத்தைப் பிடுங்குவார்கள். அந்த மோசடி மிகுந்து போனதால், தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அப்படி ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல், யூபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் நிறுத்திவிட்டது. க்யூஆர் கோடு வழி இன்னும் இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் திரையில் பெறுபவர் பெயர் வரும், தொகை வரும், கீழே பின் நம்பர் கேட்கும். அந்தத் திரைக்கு ஒரே அர்த்தம்தான், பணம் போகப் போகிறது. பதற்றத்தில் நாம் தொகையை மட்டும் பார்க்கிறோம். 9,000 என்று தெரிந்ததும் 'ஆ, என் 9,000' என்று மனசு சொல்லிவிடுகிறது. அந்த 5 ரூபாய் நாடகம் நடந்ததும் இதற்காகத்தான். ஒருமுறை இரட்டிப்பாகத் திரும்பி வந்ததால், கை அடுத்த முறை யோசிக்காமல் பின் நம்பரைப் போடுகிறது.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது. அவன் விலை பேசவே இல்லை என்று தெரிகிறது. பிரானூர் மரக்கடைகளில் பழைய கட்டில் வாங்க வருகிறவரை ஒரு நாள் நின்று பாருங்கள். முதலில் கட்டிலைக் கவிழ்க்கச் சொல்வார். கால் அடியில் பாலிஷ் படாத இடமாகப் பார்த்துப் பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டி, விரலில் எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பார். தேக்கா, வேங்கையா, வாகையில் சாயம் ஏற்றியதா என்று அந்த வாசனையிலேயே சொல்லிவிடுவார். சட்டத்தில் ஆணி அடித்திருக்கிறதா, மரமுளை போட்டிருக்கிறதா என்று விரலை ஓட்டுவார். ஒரு பக்கம் தூக்கி எடை பார்ப்பார். பூச்சி அரித்த பொடி தரையில் விழுகிறதா என்று தட்டிப் பார்ப்பார். அப்புறம் உங்கள் விலையில் பாதியில் இருந்து பேரத்தை ஆரம்பிப்பார். வாங்குகிற எண்ணம் உள்ளவர் இப்படித்தான் வருவார். போட்டோவை மட்டும் பார்த்து, சொன்ன விலைக்குச் சரி என்று, அடுத்த நிமிஷமே பணம் அனுப்பத் துடிக்கிறவருக்கு உங்கள் கட்டில் மேல் ஒரு ஆசையும் இல்லை. அடையாள அட்டை அனுப்பியதும் அப்படித்தான். கேட்காமலே ஐ.டி. கார்டை நீட்டுகிறவரை நம்பாதீர்கள். அந்த கார்டில் இருப்பது வேறு ஒரு ஏமாந்த ஜவானின் படமாகக் கூட இருக்கலாம்.

நேரில் வருகிறவர் எல்லாம் யோக்கியர் என்றும் இருந்துவிடக் கூடாது. என்னிடம் வந்த ஒரு பையனின் கதை இது. பழைய போன் ஒன்றை 11,000-க்கு விற்க, வாங்குகிறவரை பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடைகள் பக்கம் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறான். வந்தவர் போனை நன்றாகப் பார்த்தார், நூறு இருநூறு குறைத்துப் பேசினார். அப்புறம் தன் போனில் ஏதோ தட்டி, திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை நிறத்தில் டிக், பையனின் பெயர், தொகை, நேரம், டிங் என்று ஒரு சத்தம். "வந்திடும் தம்பி, பார்டர்ல சிக்னல் கொஞ்சம் ஸ்லோ" என்றார். பையனும் தலையாட்டினான். அவர் பைக்கில் ஏறிப் புளியரைப் பக்கம் போய்விட்டார். பணம் வரவே இல்லை. நிஜ ஆப் போலவே திரை காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. வேண்டிய பெயரும் தொகையும் போட்டால் டிக் வரும். வங்கியில் எதுவும் நடந்திருக்காது.

அதனால் வாங்குகிறவரின் போனில் தெரிவது எதுவும் உங்களுக்குக் கணக்கு இல்லை. உங்கள் போனில், உங்கள் வங்கி ஆப்பில், பேலன்ஸ் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.எம்.எஸ். வந்ததை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். 'உங்கள் கணக்கில் வரவு' என்று எழுதி யார் வேண்டுமானாலும் மெசேஜ் அனுப்பலாம். சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பரில் இருந்து வங்கி வரவுத் தகவல் அனுப்பாது. பேலன்ஸ் கூடவில்லை என்றால் பொருள் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. அவர் கோபப்பட்டாலும், பஸ் போய்விடும் என்றாலும், "என்ன, நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டாலும் சரி. நம்ம ஊரில் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். "நம்புறேன் அண்ணாச்சி, பணம் வந்ததும் எடுத்துட்டுப் போங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லலாம், மரியாதைக் குறைவே இல்லை.

கூடுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்கள் என்று ஒரு வகை இருக்கிறது. 18,000-க்குப் பதில் 81,000 போட்டுவிட்டேன் என்று அழுவார்கள். பெரும்பாலும் எஸ்.எம்.எஸ். மட்டும்தான் வந்திருக்கும், பணம் வந்திருக்காது. இதில் உண்மையாகவே பணம் வந்துவிடுகிற ரகம்தான் இன்னும் ஆபத்து. அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கும். நீங்கள் மீதியை அவன் சொன்ன கணக்குக்குப் போட்டுவிடுவீர்கள். கொஞ்ச நாளில், பறிகொடுத்தவரின் புகாரின் பேரில் எங்கோ வட மாநிலப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து உத்தரவு வந்து உங்கள் கணக்கு முடங்கும். கேரளாவில் இப்படிக் கணக்கு முடங்கிக் கடைக்காரர்களும் சாதாரண ஜனங்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. விஷயம் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. சந்தேகத்துக்கு உரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும், முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்ற வகையில் 2023-ல் அந்த நீதிமன்றம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கும் எடுத்துச் சொல்ல அது உதவும். ஆனால் அந்த அலைச்சலே வேண்டாம் என்றால், பணம் அனுப்புகிறவர் பெயரும் வாங்க வந்தவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். "மச்சான் அனுப்புவான்", "முதலாளி அக்கவுண்டில் இருந்து வரும்" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். தப்பாக வந்த தொகையை நீங்களே யாருக்கும் அனுப்பாமல், வங்கியில் எழுதிக் கொடுத்து வந்த வழியே திருப்பச் சொல்லுங்கள்.

ரொக்கமாகத் தருகிறேன் என்றால் நல்லதுதான். இரண்டு பேருமாக வங்கிக்குப் போய், பணம் கட்டும் மெஷினில் உங்கள் கணக்கில் போட்டுவிடுங்கள். சந்தேக நோட்டை மெஷின் வரவு வைக்காது. செக் கொடுத்தால், அது பாஸ் ஆகி வரவு ஏறும் வரை பொருளைக் கொடுக்காதீர்கள். கூரியரில் அனுப்புவதானால், பொருளை எடுத்து வைத்து ஒட்டி எடை போடும் வரைக்கும் இடைவெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். "உடைஞ்சு வந்தது", "வேற பொருள் வந்தது" என்று சொல்லிப் பழைய சாமானைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. உங்கள் தையல் சாமான்களை ஆன்லைனில் விற்கிற எண்ணம் வந்தால் இது உங்களுக்கு ரொம்ப உதவும்.

இனி ஸ்கூட்டர். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டிலில் போவது பணம் மட்டும்தான். வண்டியில் பணம் கைக்கு வந்த பிறகும் வில்லங்கம் பின்னால் வரும்.

ஆரியங்காவுக்காரர் யோக்கியமானவராகவே இருக்கட்டும். உங்கள் வண்டி டி.என்.76, தென்காசியில் பதிவானது என்று வைத்துக்கொள்கிறேன். நம் மாநிலத்துக்குள் விற்றால், விற்ற 14 நாளுக்குள் படிவம் 29-ல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30. கேரளாவில் இருப்பவருக்கு விற்றால் இது போதாது. தென்காசியில் இருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஆரியங்காவு புனலூர் ஆபீசின் கீழ் வரும் என்பதால் அந்த ஆபீசின் பெயருக்கு வாங்குங்கள். விற்ற 45 நாளுக்குள் அது அந்த ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம், 50-வது பிரிவு. அபராதம் பாக்கி இருந்தாலும் என்.ஓ.சி. நிற்கும், லோன் முடிந்து வங்கியின் பெயர் ஆர்.சி.யில் இருந்து நீக்கப்படாமல் இருந்தாலும் நிற்கும். முதலில் அவற்றை முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவருக்கு இதில் அவசரம் இருக்காது. கேரளாவுக்கு வண்டி போனால் அங்கே வரி கட்ட வேண்டும், புது நம்பர் வாங்க வேண்டும். அதனால் "மெதுவா மாத்திக்கிறேன்" என்று சொல்லி டி.என். நம்பரிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கேரளாவில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்கள் வைத்து, ஹெல்மெட் போடாதது போன்ற விதிமீறல்களுக்கு அபராதம் போட ஆரம்பித்தார்கள். அவர் புனலூரில் ஹெல்மெட் இல்லாமல் போவார், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். அது சின்னத் தொல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வெள்ளைப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு பைக்கைப் பார்டருக்கு அந்தப் பக்கம் விற்றார். சில வருஷம் கழித்து, ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் கேரளத் தீர்ப்பாயத்தில் இருந்து அவருக்கு சம்மன் வந்தது. வண்டி அதற்குள் இரண்டு கை மாறியிருந்தது, இன்ஷூரன்ஸும் இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்குத்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மனிதர் என் முன்னால் உட்கார்ந்து, அந்த வெள்ளைப் பேப்பரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தார். எழுத்தே அழிந்துவிட்டது.

எனவே, என்.ஓ.சி. கையில் வருவதற்கு முன் வண்டியைக் கொடுக்காதீர்கள். அதுவரை வேண்டுமானால் கொஞ்சம் அட்வான்ஸ் வாங்கி ரசீது எழுதிக் கொடுங்கள். வெறும் படிவத்தில் தேதி இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது. "நானே ஏஜென்ட் கிட்ட கொடுத்து முடிச்சுக்கிறேன்" என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் சரி. வண்டியைக் கொடுக்கும் நாளில் டெலிவரி நோட் எழுதுங்கள். தேதி, கடிகார நேரம், கிலோமீட்டர், வாங்குகிறவரின் பெயர், விலாசம், கையெழுத்து, இரண்டு சாட்சிகள். அவருடைய ஆதார் நகலில் அவரே கையெழுத்திட்டு, வண்டியோடு நிற்கும் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆதார் நகலைக் கொடுக்க வேண்டி வந்தால், 'ஸ்கூட்டர் விற்பனைக்கு மட்டும்' என்று அதன் மேலேயே எழுதித் தேதி போடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் விற்றதைத் தெரிவியுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு அவ்வப்போது பாருங்கள். பெயர் மாறும் வரை ஒரு 2,000 ரூபாயை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்வது இங்கே பலர் செய்வதுதான். நல்ல மனிதர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பார், நியாயம்தான். தனியாக அனுப்பாதீர்கள். உங்கள் தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ பின்னால் உட்கார்ந்து போகட்டும். "என் வண்டியை இங்கே நிறுத்திட்டுப் போறேன்" என்பார் சிலர். அந்த வண்டி யாருடையதோ, நமக்குத் தெரியாது. அவரை வீட்டுக்கு வரச் சொல்வதை விட, பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கமோ வங்கி வாசலிலோ சந்திப்பது நல்லது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்பதையும் பேச்சில் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கட்டில் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். ஆப்பில் போட்ட விளம்பரத்தை எடுத்துவிட்டு, பிரானூரில் பழைய மரச்சாமான் வாங்குகிற இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். மாமனார் காலத்துத் தேக்கு என்றால் 18,000 குறைச்சலாகக் கூட இருக்கலாம்.

புகாருக்கும், பின்னால் கோர்ட்டில் மனு போடுவதற்கும் செலவாகுமே என்று தயங்கினால், சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், தென்காசி கோர்ட் வளாகத்திலும் போய்க் கேட்கலாம். 1930-ல் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, போகும்போது கையோடு கொண்டுபோங்கள். ஸ்கூட்டர் படிவங்களில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை எனக்கும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.